காவலனும் கள்வனும்: ஒரு திரைப்படத் தழுவலின் குறை

அச்சம் என்னும் மெய்ப்பாடு எவற்றின் அடியாகப் பிறக்கும் என்று கூறவந்த தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. தெய்வத்திற்கும் கொடுவிலங்கிற்கும் கள்வருக்கும் மனிதன் அஞ்சுவது இயல்பு. அம்மூன்றோடும் ஒருங்கு வைத்து, தன்னை ஆள்பவனுக்கும் மனிதன் அஞ்சுவான் என அவர் எண்ணியது சிந்தனைக்குரியது. கள்வனைக் கண்டு அஞ்சியவன் ஆள்பவனிடம் ஓடி அடைக்கலம் கேட்கலாம். ஆள்பவனே கள்வனாக இருந்தால் அவன் யாரிடம் ஓடுவான்? நான்கு அச்சங்களுள் இரண்டு ஓர் உருவில் வந்து நிற்கும்போது பிறக்கும் அச்சத்திற்கு ஒப்பில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஜிம் தாம்சன் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கில்லர் இன்சைட் மீ' என்னும் புதினத்தின் உயிர்நிலை இந்த அச்சமே. 'என்னுள் இருக்கும் கொலைகாரன்' என்பது தலைப்பின் பொருள். சிற்றூர் ஒன்றில் சட்டத்தைக் காக்கும் அதிகாரியே கொலைகளைச் செய்கிறான்; செய்தவற்றைத் தன் வாயாலேயே சொல்கிறான். இக்கதை இருமுறை அதே பெயரில் திரைப்படமாயிற்று. 1976இல் பர்ட் கென்னடி இயக்க, ஸ்டேசி கீச் நடித்த படம் முதலாவது. 2010இல் மைக்கேல் விண்டர்பாட்டம் இயக்க, கேஸி ஆஃப்லெக் நடித்த படம் இரண்டாவது.

முதற்படம் கதையின் களத்தை டெக்சாஸிலிருந்து மான்டானா மாநிலத்துச் சுரங்க நகருக்கு மாற்றியது. இரண்டாவது படம் கதையின் காலத்தையும் களத்தையும் நிகழ்ச்சி வரிசையையும் பெரிதும் மாற்றாமல் எடுத்துக்கொண்டது. ஆதலால் அதன்மீது எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. மூலத்தை ஓரடியும் பிறழாது பின்பற்றிய படம் மூலத்தின் உயிரை இழந்தது எவ்வாறு என்னும் வினா, இலக்கியம் கற்பிப்போரும் கற்போரும் ஆராயத்தக்கது.

மூல நூலும் அதன் ஆசிரியரும்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 'கவுண்டி' எனப்படும் நிருவாகப் பிரிவின் தலைமைக் காவல் அதிகாரி 'ஷெரிப்' எனப்படுவார். அவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். அவருக்குக் கீழே துணை ஷெரிப்புகள் பணிபுரிவர். நாடு முழுமைக்கும் ஒரே காவற்படை இயங்கும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றலாம். அங்கே சட்டத்தின் காவலர் வெளியிலிருந்து அனுப்பப்படுபவர் அல்லர். ஊரில் பிறந்து, ஊராரோடு வளர்ந்து, ஊராரின் நம்பிக்கையைப் பெற்றவர். ஊர் அவரை அறியும் என்பதே அவருடைய வலிமை.

தாம்சன் இந்த உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர். அவர் 1906இல் ஓக்லஹோமாவின் அனடார்கோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தையே கேடோ கவுண்டியின் ஷெரிப்பாக இருந்தவர்; கையாடல் பற்றிய பேச்சு எழுந்ததும் பதவியை விட்டு நீங்கியவர். இளமையில் தாம்சன் மேற்கு டெக்சாஸின் எண்ணெய் வயல்களில் கூலிவேலை செய்தார். அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைத் தம் வாழ்க்கை நூலாகிய 'பேட் பாய்' என்பதில் (1953) அவர் எழுதியுள்ளார். ஆளரவமற்ற எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் அவரைத் தேடி ஒரு துணை ஷெரிப் வந்தார். அவர் கை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. புன்னகை மாறாமல், அந்தத் தனிமையில் தாம் என்ன செய்தாலும் கேட்பார் எவருமில்லை என்பதை மட்டும் இளைஞருக்கு உணர்த்தினார். தாம்சனின் நெஞ்சில் அந்தப் புன்னகை தங்கிவிட்டது. அதிலிருந்தே அவருடைய கதைத்தலைவன் பிறந்தான்.

இங்கே ஒன்றை நினைவில் நிறுத்தவேண்டும். அந்நிகழ்ச்சியில் ஓர் அடியும் விழவில்லை. ஆயினும் அச்சம் ஒருவர் நெஞ்சில் பல்லாண்டு நிலைத்தது. அடிக்காமலே அச்சுறுத்திய அந்தச் சொல்லும் சிரிப்புமே புதினத்தின் விதை.

கதைச் சுருக்கம்

மேற்கு டெக்சாஸில் எண்ணெய் வளத்தால் திடீரெனச் செழித்த சென்ட்ரல் சிட்டி என்னும் கற்பனை ஊரில் லூ ஃபோர்டு துணை ஷெரிப்பாக இருக்கிறான். வயது 29. மருத்துவரின் மகன். ஊரார் கண்ணுக்கு அவன் சற்று மந்தமானவன், பணிவானவன், யாருக்கும் தீங்கு நினையாதவன். ஆசிரியையாகிய ஏமி ஸ்டான்டன் அவனை மணக்கக் காத்திருக்கிறாள்.

ஊரின் எல்லையில் வாழும் ஜாய்ஸ் லேக்லண்டு என்னும் விலைமகளை வெளியேற்றும் பணி அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவளைக் கண்ட நாளில், நெடுநாள் உறங்கிக்கிடந்த கொடுமை அவனுள் விழித்தெழுகிறது. அதனை அவன் 'நோய்' என்று குறிப்பிடுகிறான். ஊரின் பெருஞ்செல்வர் செஸ்டர் கான்வே. அவருடைய மகன் எல்மர் ஜாய்ஸிடம் மயங்கிக் கிடக்கிறான். லூவின் வளர்ப்புச் சகோதரன் மைக் கட்டட வேலையிடத்தில் மாண்டதற்குக் கான்வேயே காரணம் என்பது லூவின் எண்ணம். பழிவாங்கும் நோக்கமும் உள்ளே உறையும் நோயும் ஒன்று சேர்கின்றன. ஜாய்ஸைக் கைகளால் அடித்துச் சிதைத்து, எல்மரைச் சுட்டுக்கொன்று, இருவரும் ஒருவரையொருவர் கொன்றதுபோல் அவன் காட்சி அமைக்கிறான்.

ஒரு பொய்யை மறைக்க மற்றொரு கொலை தேவைப்படுகிறது. தன்னைத் தமையன்போல் நம்பிய ஜானி பாப்பஸ் என்னும் இளைஞனைச் சிறை அறையிலேயே கொல்கிறான். ஏமியையும் கொல்கிறான், பழியை நாடோடி ஒருவன்மேல் சுமத்துகிறான். முடிவில், இறந்துவிட்டதாக அவன் நம்பிய ஜாய்ஸ் உயிரோடு அவன் முன் கொண்டுவரப்படுகிறாள். வீடு தீப்பற்றி வெடித்துச் சிதற, கதை முடிகிறது.

படத்தின் நிறைகள்

குறை கூறுமுன் நிறை கூறுவது திறனாய்வின் மரபு. இப்படத்தைப் பொறுத்தவரை அது கடமையும் ஆகும். கேஸி ஆஃப்லெக் தேர்ந்த நடிகர். மெல்லிய குரல், சிறுவனைப் போன்ற முகம், தொப்பியைத் தொட்டு வணங்கும் பணிவு ஆகியவற்றால் ஊராரை ஏமாற்றும் லூ ஃபோர்டை அவர் நன்கு உருவாக்கியுள்ளார். கான்வேயாக வரும் நெட் பீட்டி, தொழிற்சங்கத் தலைவர் ரோத்மனாக வரும் எலியாஸ் கோட்டியாஸ், மனமுடைந்து போகும் முதிய ஷெரிப்பாக வரும் டாம் போவர் ஆகியோர் சிறு வேடங்களிலும் நிறைவு தருகின்றனர். 1950களின் ஊர்த்தெருக்களும் கார்களும் உணவுக்கடைகளும் பாடல்களும் பழுதின்றி அமைக்கப்பட்டுள்ளன.

இயக்குநரும் எளியவர் அல்லர். தாமஸ் ஹார்டியின் புதினத்தை 'ஜூட்' என்னும் பெயரில் 1996இல் படமாக்கியவர் அவர். லாரன்ஸ் ஸ்டெர்ன் எழுதிய 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கி, சொல்லாமலே வழி மாறி அலையும் கதைசொல்லியைக் கொண்ட பதினெட்டாம் நூற்றாண்டு நூல். அதனைப் படமாக்க இயலாது என்று பலரும் கருதியிருந்தனர். அந்நூலைப் படமாக்க முயலும் நடிகர்களின் கதையாகவே மாற்றி, 2005இல் விண்டர்பாட்டம் வெற்றி கண்டார். கதைசொல்லியின் குரலுக்கு ஈடான திரைவடிவம் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும் என்று மெய்ப்பித்த அவரே, லூ ஃபோர்டின் குரலுக்கு அத்தகைய ஈடு எதனையும் தேடவில்லை. ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது.

குரல் இழந்த கதை

புதினத்தைப் படிப்பவர் லூ ஃபோர்டைக் காண்பதில்லை, கேட்கின்றனர். அவன் சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. அவன் நகைச்சுவையாகப் பேசுகிறான்; ஊராரின் சிறுமைகளை எள்ளுகிறான்; தன் அறிவைப் படிப்பவரிடம் மட்டும் இரகசியமாகக் காட்டுகிறான். தந்தையின் நூலகத்தில் உள்ள மருத்துவ நூல்களைப் படிப்பதும் கடினமான கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதும் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஊர் அறியாத லூவை அறிந்துகொண்டதாகப் படிப்பவர் பெருமிதம் கொள்கின்றனர். அப்பெருமிதமே அவன் விரித்த வலை. அவனோடு சேர்ந்து சிரித்தவர், கொலை நிகழும் பக்கத்தில் தாம் யாரோடு சிரித்தோம் என உணர்ந்து திடுக்கிடுகின்றனர்.

அவனுடைய முதற்கருவி கத்தியோ துப்பாக்கியோ அன்று, பழகிப்போன முதுமொழி. எல்லாரும் ஆயிரம் முறை கேட்டுச் சலித்த அறிவுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக, மிக நிதானமாக, முகத்தில் பால்வடிய அவன் சொல்லிக்கொண்டே போவான். எதிரில் இருப்பவர் மரியாதை கருதி விலகிச் செல்லவும் முடியாமல், கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாமல் நெளிவார். அந்த நெளிவைக் கண்டு அவன் உள்ளுக்குள் மகிழ்வான். கைகளால் செய்யவிருக்கும் கொடுமையை அவன் முதலில் சொற்களால் செய்து பழகுகிறான். முதுமொழி அறிவைத் தருவதற்கு ஏற்பட்டது. அதனையே வதைக்கும் கருவியாக்கலாம் என்பதைத் தாம்சன் காட்டும் இடங்கள், மொழி கற்பிப்போர் மறக்கமுடியாதவை.

கொலையைச் சொல்லும் முறையிலும் இந்நுட்பம் உண்டு. ஏமியைக் கொன்ற செய்தியை, நாளும் நேரமும் குறித்து, ஓர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே லூ அறிவித்துவிடுகிறான். பிறகு அதனை விவரிக்காமல் வேறு எதையெதையோ பேசுகிறான். அன்றைய பொழுது எவ்வளவு இனிதாக இருந்தது என்கிறான். சொல்லப்போவதாகக் கூறிக் கூறித் தள்ளிப்போடுகிறான். சொல்ல மனம் கூசுகிறதா, சொல்லுமுன் சுவைக்கிறானா என்று படிப்பவரால் முடிவுசெய்ய இயலவில்லை. அவள் இறக்கப்போவதை அறிந்துகொண்டே, அவள் உயிரோடு நடமாடும் பக்கங்களைப் படிக்கவேண்டியுள்ளது. அந்தப் பக்கங்களில் துளி இரத்தமும் இல்லை. அச்சம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

படத்திலும் லூவின் பின்னணிக் குரல் இடையிடையே ஒலிக்கிறது. ஆயினும் அது கண்ணுக்குத் தெரிவதை ஒட்டிச்செல்லும் விளக்கவுரையாகச் சுருங்கிவிட்டது. காட்சி ஒன்றைக் காட்ட, குரல் வேறொன்றைச் சொல்லி, இரண்டுக்கும் நடுவே ஐயம் பிறக்கும் வாய்ப்புப் பயன்படுத்தப்படவில்லை. ஏமியின் சாவு, நிகழ்ந்த வரிசையிலேயே வந்துபோகிறது. முதுமொழிகள் பாத்திரத்தின் ஒரு பழக்கமாக மட்டும் தலைகாட்டுகின்றன. நூலின் நிகழ்ச்சிகள் அனைத்தும் இருக்கின்றன. அவற்றைச் சொல்பவன் இல்லை.

கேமரா என்னும் சாட்சி

இக்குறையினும் பெரிய குறை ஒன்று உண்டு. படம் வெளிவந்தபோது எழுந்த சர்ச்சையின் வேர் அதுவே.

லூ ஃபோர்டு பொய்யன். ஊரையும் மேலதிகாரியையும் காதலித்த பெண்ணையும் ஏமாற்றுபவன், படிப்பவரிடம் மட்டும் உண்மை பேசுவான் என்று நம்புவதற்குக் காரணமில்லை. தான் அடித்த பெண்கள் அந்த அடியை விரும்பினர் என்கிறான். அடிபட்ட பிறகும் தன்னைக் காதலித்தனர் என்கிறான். தன் சிறுவயதில் வீட்டுப் பணிப்பெண்ணால் நேர்ந்த அனுபவமே எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறான். புதினத்தில் இவையாவும் ஒரு குற்றவாளியின் வாக்குமூலம். படிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கலாம். அடித்தவனே அடிபட்டவளின் விருப்பத்தைக் கூறும்போது அதனை நம்பாதிருக்கும் உரிமை படிப்பவர்க்கு உண்டு. மனநோய் நூல்களைக் கற்றவன் தன் நோய்க்குத் தானே காரணம் கூறும்போது, அக்காரணமும் ஒரு முகமூடியோ என்று ஐயுறும் உரிமையும் உண்டு.

திரையில் அவ்வுரிமை பறிபோகிறது. கேமரா காட்டுவதைப் பார்ப்பவர் நடந்ததாகவே ஏற்பர். லூ அடிக்க, ஜாய்ஸாக நடிக்கும் ஜெசிக்கா ஆல்பாவின் முகத்தில் சினம் மாறி வேட்கை தோன்றுவதைப் படம் நேராகக் காட்டுகிறது. ஏமியாக நடிக்கும் கேட் ஹட்சனின் காட்சிகளும் அவ்வாறே அமைந்துள்ளன. தன் முகம் சிதைக்கப்படும் வேளையிலும் ஜாய்ஸ் எதிர்த்துப் போராடுவதில்லை. சிறுவயது நினைவுகள் பொன்னிற ஒளியில் தோன்றி, நடந்த உண்மைகளாகவே நிற்கின்றன. கொலைகாரன் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன கதைகளுக்கெல்லாம் கேமரா நேர்ச்சாட்சியாக மாறிவிடுகிறது. அவன் கூற்று என்றிருந்தது, இயக்குநரின் கூற்றாகிவிடுகிறது.

இப்பிழை கலைப்பிழையாக மட்டும் நின்றுவிடவில்லை. வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் உலகெங்கும் கேட்கநேரும் பழிச்சொல், அவர்களும் அதனை விரும்பினர் என்பது. தாம்சனின் நூல் அச்சொல்லைக் கொலைகாரனின் வாயில் வைத்து, அதன் பொய்ம்மையைப் படிப்பவரே கண்டுகொள்ளச் செய்தது. படமோ அச்சொல்லுக்குக் காட்சி வடிவம் தந்து உறுதிப்படுத்துகிறது. இயக்குநரின் எண்ணம் அதுவன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் படைப்பு எண்ணத்தால் மதிப்பிடப்படுவதில்லை. தன்னுள் இருப்பதைக் கொண்டே மதிப்பிடப்படும்.

அச்சமும் இளிவரலும்

2010 சனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் இப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது பார்வையாளர் சிலர் அதன் கொடுமைக் காட்சிகளைக் கண்டித்தனர். அதற்கடுத்த மாதம் பெர்லின் விழாவிலும் விவாதம் தொடர்ந்தது. வன்முறையை அழகாகக் காட்டுவதே தவறு, அருவருப்பாகக் காட்டுவதே நேர்மை என்னும் கருத்துப்பட இயக்குநர் விடையளித்தார்.

இவ்விடையில் ஒரு பகுதி உண்மை உண்டு. துப்பாக்கி வெடித்தவுடன் நூறு பேர் வலியின்றிச் சாய்ந்து விழும் படங்களைவிட, ஓர் உயிரைக் கொல்வது எவ்வளவு கொடியது என்று காட்டும் படம் நேர்மையானதே. ஆனால் அந்நேர்மை எல்லா உயிர்க்கும் பொதுவாக இருக்கவேண்டும். இப்படத்தில் எல்மர் சில நொடிகளில் குண்டுபட்டு வீழ்கிறான். ஜானியின் சாவில் கேமரா நின்று நிலைப்பதில்லை. ஜாய்ஸின் முகத்தின்மீது விழும் ஒவ்வொரு குத்தும் நிமிடக்கணக்கில் நீள்கிறது. எலும்பு நொறுங்கும் ஒலியும் விடுபடவில்லை. ஆண் இறந்தால் செய்தி, பெண் இறந்தால் காட்சி என்னும் இவ்வேறுபாட்டை இயக்குநரின் விடை விளக்கவில்லை.

மெய்ப்பாட்டு நோக்கில் பார்த்தால் நேர்ந்தது இன்னதென விளங்கும். இளிவரல் என்னும் மெய்ப்பாட்டிற்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் கூறுவார். மெலியவர்மீது வலியவர் இழைக்கும் துன்பத்தைக் கண்ணெதிரே காண்பவர் அடையும் உணர்ச்சி, வருத்தமும் மென்மையும் பற்றி எழும் இந்த இளிவரலோடு நெருங்கியது. அவர் முகம் திருப்பிக்கொள்வர், கண்களை மூடிக்கொள்வர். அச்சத்தின் இயல்பு வேறு. அஞ்சுபவர் கண்ணை மூடுவதில்லை; எங்கிருந்து என்ன வருமோ என்று விழித்திருப்பர். தாம்சன் படிப்பவரை விழித்திருக்கச் செய்தார். விண்டர்பாட்டம் பார்ப்பவரைக் கண்மூடச் செய்தார். கள்வனும் இறைவனும் ஒருவனே என்பதால் பிறக்கவேண்டிய அச்சம், வதைபடும் உடலைக் கண்டு பிறக்கும் அருவருப்பாகத் திரிந்துவிட்டது.

மறைந்துபோன ஊர்

லூ ஃபோர்டு தனியொருவன் மட்டும் அல்லன். அவனை உருவாக்கிக் காப்பது ஊர். எண்ணெயால் பணம் கொழிக்கும் அவ்வூரில் கான்வேயின் சொல்லே சட்டம். மைக்கின் சாவு விபத்தெனக் கொள்ளப்படுகிறது. விலைமகளை அடித்து விரட்டினால் கேட்பாரில்லை. கிரேக்க உணவுக்கடைக்காரரின் மகனாகிய ஜானி சிறையில் செத்தால் தற்கொலை என்பர். நாடோடியைச் சுட்டுவீழ்த்தினால் நன்றி கூறுவர். யார்மேல் பழி போட்டால் ஊர் நம்பும் என்பது லூவுக்கு நன்கு தெரியும். அவனுடைய சூழ்ச்சி அறிவால் மட்டும் வென்றதன்று. ஊரின் ஏற்றத்தாழ்வே அதற்குத் துணைநின்றது. கொலை செய்த கைகளுக்கு உரியவன் அவன் ஒருவனே. அந்தக் கைகளைப் பார்க்க மறுத்த கண்கள் பலருடையவை.

படத்தில் ஊர் பின்புலமாக மட்டும் நிற்கிறது. வெயிலும் புழுதியும் பழைய கார்களும் கண்ணைக் கவர்கின்றன. சந்தேகம் கொள்ளும் ரோத்மனும் மாவட்ட வழக்கறிஞரும் தத்தம் உரையாடலைப் பேசிவிட்டு மறைகின்றனர். ஊர் ஏன் லூவை நம்பியது என்னும் வினா எழுவதேயில்லை. நோயுற்ற தனிமனிதன் ஒருவனின் கதையாகக் குறுகியதால், பார்ப்பவர் தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று எழுந்துபோக முடிகிறது.

முடிவும் அவ்வாறே. புதினத்தில் வீடு வெடித்துச் சிதறிய பிறகும் லூவின் குரல் நிற்பதில்லை, இறந்தவனே பேசிக்கொண்டிருக்கிறான். இதுவரை கேட்ட கதையை எங்கிருந்து, எந்த நிலையில் அவன் சொன்னான் என்னும் ஐயம் நூலை மூடிய பின்னும் தொடர்கிறது. படத்தில் அந்த இடத்தைத் தீக்காட்சி நிரப்புகிறது. அத்தீயும் இயற்கையாக இல்லை. ஐயம் எரிந்து சாம்பலாகிவிடுகிறது.

பொருத்தமான மற்றொரு தழுவல்

இத்தகைய நூல்களைத் திரைக்குக் கொண்டுவருவது இயலாத செயல் என்று முடிவுகட்டத் தேவையில்லை. தாம்சனே திரைத்துறையை அறிந்தவர். ஸ்டான்லி கூப்ரிக் இயக்கிய 'தி கில்லிங்' (1956), 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) ஆகிய படங்களின் எழுத்தில் அவருக்குப் பங்குண்டு. அவர் 1964இல் வெளியிட்ட 'பாப். 1280' என்னும் புதினமும், சிரித்துக்கொண்டே கொலை செய்யும் சிற்றூர் ஷெரிப்பின் கதைதான். அதனைப் பிரெஞ்சு இயக்குநர் பெர்ட்ராண்ட் டவெர்னியே 1981இல் 'கூ தெ தோர்ஷோன்' என்னும் படமாக்கினார்.

டவெர்னியே மூலத்தின் நாட்டையே மாற்றினார். அமெரிக்கத் தென்பகுதிச் சிற்றூர், 1938ஆம் ஆண்டின் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கக் குடியேற்ற ஊராயிற்று. ஃபிலிப் நுவாரே நடித்த காவல் அதிகாரி, எல்லாராலும் எள்ளப்படும் சோம்பேறி. ஒருநாள் கொல்லத் தொடங்குகிறான். நிறத்தைக் காரணம் காட்டி மக்களை விலங்காக நடத்தும் ஆட்சியில், சட்டத்தின் பெயரால் நிகழும் கொலைக்கும் சட்டத்தை மீறிய கொலைக்கும் என்ன வேறுபாடு என்னும் வினா படமெங்கும் கேட்கிறது. படத்தின் தொடக்கத்தில், சூரிய கிரகணத்தின் குளிரில் நடுங்கும் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்காக அவன் நெருப்பு மூட்டுகிறான். இறுதியில் அத்தகைய சிறுவர்களை நோக்கியே அவன் கைத்துப்பாக்கி நீள்கிறது. குண்டு பாயவில்லை, உடல் சிதையவில்லை. பார்ப்பவர் உள்ளம் உறைந்துபோகிறது.

மூலத்தின் ஊரையும் பெயர்களையும் துறந்த டவெர்னியே, காவலனே கள்வனாகும் அச்சத்தைக் காத்தார். ஊரையும் பெயர்களையும் உரையாடலையும் காத்த விண்டர்பாட்டம் அவ்வச்சத்தை இழந்தார். இவ்விரு படங்களையும் அருகருகே வைத்து நோக்கும் மாணவர், தழுவல் பற்றிப் பல பாடங்களைக் கற்கலாம்.

முடிவுரை

ஒரு நூலைத் திரைக்கோ மேடைக்கோ கொண்டுவருவோர், நூலில் என்ன நடக்கிறது என்பதோடு, அது யாருடைய வாயால் சொல்லப்படுகிறது, அந்த வாயை எவ்வளவு நம்பலாம் என்பவற்றையும் ஆராயவேண்டும். கூற்று யாருடையது என்று வினவுவது தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அகப்பாடலைப் படிக்கும்போது தலைவி கூற்றா, தோழி கூற்றா, பரத்தை கூற்றா என்று கேட்ட பின்னரே பொருள் காண்பது நம் மரபு. அதே சொல் தலைவன் வாயில் ஒரு பொருளும் பரத்தை வாயில் வேறொரு பொருளும் தரும். கூற்றுக்குரியவரை நீக்கிவிட்டு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் பாடலே திரிந்துபோகும்.

2010ஆம் ஆண்டுப் படத்திற்கு நேர்ந்தது அத்திரிபே. கொலைகாரன் கூற்று என்னும் குறிப்பு நீங்கியதும், அவன் சொன்ன பொய்கள் உண்மைகளாயின. அவன் கையால் மாண்ட பெண்கள் தம் சாவுக்குத் தாமே இசைந்தவராயினர். அவனை வளர்த்த ஊர் குற்றத்திலிருந்து விடுபட்டது. நல்ல நடிகரும் திறன்மிக்க இயக்குநரும் வலிய மூலமும் ஒருங்கே வாய்த்தும், படம் மனத்தில் விட்டுச்செல்வது ஒரு கசப்பே. படத்தைப் பார்த்தவர் அத்தோடு நில்லாமல் நூலையும் தேடிப் படித்தல் வேண்டும். ஜாய்ஸும் ஏமியும் உண்மையில் என்ன நினைத்தனர், என்ன சொல்ல விரும்பினர் என்பதை லூ ஃபோர்டு எந்தப் பக்கத்திலும் சொல்லவில்லை. அவன் மறைத்த அந்தச் சொற்களைத் தேடிக் கேட்க முனைவதே அந்நூலைப் படிக்கும் முறை.